தங்கப்பாண்டி ஜீப்புக்கு நான் மாட்டிய ஃபாக் லைட்

வயரிங் தொழிலில் இருக்கும் தம்பிகளே, சென்ற வாரம் உங்களில் ஒருவர் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். வீட்டு வாசலில் நிற்கும் பழைய ஜீப். முன் பம்பரில் துருப்பிடித்துப்போன இரண்டு ஃபாக் லைட். கீழே ஒரு கேள்வி: ‘அண்ணே, இதக் கழட்டிட்டுப் புதுசு மாட்டணும். வண்டியக் கடைக்குக் கொண்டுவர நேரமில்லையாம். பார்ட்டி வீட்டுலயே வச்சு முடிச்சுறலாமா?’

முடித்துவிடலாம். நான்கு போல்ட், கொஞ்சம் வயர், நல்ல எர்த். அதில் உங்களுக்குத் தெரியாதது என்று நான் சொல்ல ஒன்றுமில்லை. ரிலே எங்கே வைப்பது, எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போடுவது என்பதெல்லாம் இப்போது பெட்டியின் மேலேயே படம் போட்டு வருகிறது. ‘மாட்டலாம்’ என்று அன்றைக்கே பதில் அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு மனது ஒரு நிலையில் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

என்னை நேரில் பார்க்காதவர்களும் உங்களில் இருப்பீர்கள். போடியில் முப்பத்தாறு வருடம் ஆட்டோ எலக்ட்ரீசியனாக இருந்தேன். ஊரில் என்னை வயரிங்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது கடை இல்லை. முதுகு நிமிர மறுக்கிறது. பானெட்டுக்குள் தலையை விட்டே வாழ்க்கையில் பாதி போய்விட்டது, அதற்கான கூலியை உடம்பு இப்போது கேட்கிறது. எத்தனை வண்டிக்கு வயரிங் பார்த்தேன் என்று கணக்கில்லை. சரியாகப் பார்த்த வண்டி ஒன்றுகூட ஞாபகத்தில் நிற்பதில்லை. தப்பாகப் பார்த்த ஒன்று மட்டும் நிற்கிறது.

தங்கப்பாண்டி அப்போது நாற்பது வயதுக்காரர். சொந்த ஜீப். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய டீசல் வண்டி. தினமும் காலை ஐந்தரைக்குப் போடியிலிருந்து கூலி வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வழியாக மலைமேல் இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போவார். பொழுது சாய்வதற்குள் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். ஏறுவதற்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஐப்பசி மாதத்தில் பாதி மலைக்கு மேலே மேகம் ரோட்டில் படுத்துக் கிடக்கும். பழகிய டிரைவருக்கும் பத்தடிக்கு மேல் தெரியாது. அந்த நேரத்தில் ஃபாக் லைட் என்பது நாம் ரோட்டைப் பார்ப்பதற்கு மட்டும் இல்லை. எதிரே இறங்கி வருகிறவன் நம்மைப் பார்ப்பதற்கும் அதுதான்.

அவருடைய பழைய ஃபாக் லைட் இரண்டிலும் தண்ணீர் இறங்கி, உள்ளே கண்ணாடி கருத்துவிட்டது. ஒரு சனிக்கிழமை தேனிக்குப் போய், ஜெபராஜ் அண்ணாச்சியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புதிதாக ஒரு ஜோடி வாங்கி வந்தார். பழையதைப்போல இரண்டு மடங்கு வெளிச்சம் தரும் பெரிய மஞ்சள் விளக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் செய்தார்.

“அண்ணே, நாளைக்கு மேல பனி பலமா இருக்குமாம். இன்னைக்கே மாட்டிக் குடுத்துருங்க. இங்கன வீட்டுக்கே வந்துருங்கண்ணே, வண்டி வாசல்லதான் நிக்குது.”

எனக்கு வார விடுமுறை. இருந்தாலும் போனேன். பையில் கையோடு இருந்த சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

விளக்கைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பழைய வயரும் பழைய சுவிட்சும் இதைத் தாங்காது என்று கையில் வாங்கியதுமே தெரிந்தது. பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, நடுவில் ரிலே வைத்தால்தான் தாங்கும். “ரிலே வாங்கலையா?” என்று கேட்டேன்.

“கடைக்கார அண்ணாச்சி ரிலேன்னு ஏதோ சொன்னாக. உங்ககிட்ட இருக்கும்னு விட்டுட்டேண்ணே.”

என்னிடம் இருந்தது. ஆனால் கடையில், ஷட்டருக்கு உள்ளே. அவருடைய வீட்டிலிருந்து கடைக்கு சைக்கிளில் பத்து நிமிடம். போய் எடுத்து வந்திருக்கலாம். போகவில்லை. அதற்குப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் இப்போது சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கும். ஒன்றும் இல்லை. அலுப்பு. அந்த வாரம் முழுக்க வேலை, முழங்கால் வலி, மதியம் சாப்பிட்டுப் படுக்க வேண்டும் என்ற நினைப்பு. அவ்வளவுதான்.

பழைய வயரிலேயே புது விளக்கைக் கொடுத்தேன். எரிந்தது. தங்கப்பாண்டியின் மனைவி டீ கொண்டு வந்தார். குடித்து முடிப்பதற்குள் ஃபியூஸ் போய்விட்டது. அது சும்மா போகவில்லை. இந்த வயரால் முடியாது என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனது. எனக்கு அது புரிந்தும் இருந்தது. ஃபியூஸ் இருந்த இடத்தில் இரண்டு இழை செம்புக் கம்பியை முறுக்கிச் சொருகினேன். திரும்ப எரிந்தது.

“நாளைக்குச் சாயங்காலம் கடைப் பக்கம் வா. சின்ன வேலை ஒண்ணு பாக்கி இருக்கு” என்றேன்.

“லைட்டு எரியுதுல்லண்ணே?”

“எரியுது.”

நான் செய்த தப்பைக் கேட்டால், செம்புக் கம்பி என்று நீங்கள் சொல்வீர்கள். அது பாதிதான். ஒரு நாளைக்கு மட்டும் ஓட்ட வேண்டிய அவசரத்தில் அப்படிச் செய்யாத வயரிங்காரன் யாரும் இல்லை. ‘தங்கப்பாண்டி, இதுல ஃபியூஸ் இல்ல, வயர் சூடாகும், ரிலே வைக்கிற வரைக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல போடாதே’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், வேலையை அரைகுறையாகச் செய்திருக்கிறேன் என்று ஆகிவிடும். அதனால் ‘சின்ன வேலை’ என்று சொன்னேன். சின்ன வேலை என்றால் யார் மெனக்கெட்டு வருவார்கள்? திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. நானும் போன் செய்யவில்லை. இரண்டு நாள் ஞாபகம் இருந்தது, பிறகு மறந்தே போய்விட்டது.

பத்தாவது நாள் காலையில் அது நடந்தது. நான் அங்கே இல்லை. தங்கப்பாண்டியும், வண்டியில் முன் சீட்டில் இருந்த பேச்சியம்மாளும் பிறகு சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

பேச்சியம்மாள்தான் அந்தப் பெண்களுக்குக் கங்காணி. ஐம்பது வயது தாண்டியவர். இருபத்தைந்து வருடமாக அந்த மலையில் ஏறி இறங்குகிறவர். அன்று வண்டியில் அவரோடு சேர்த்துப் பதினான்கு பெண்கள். பாதிக்கு மேல் ஏறிவிட்டார்கள். மேகத்துக்குள் வண்டி நுழைந்து கால் மணி நேரம் இருக்கும். ஃபாக் லைட் போட்டபடிதான் இருந்தது. ஒரு வளைவைத் திரும்பி ஏறும்போது டேஷ்போர்டுக்குக் கீழிருந்து ரப்பர் கருகும் வாடை வந்திருக்கிறது. அது என்னவென்று குனிவதற்குள் புகை. புகையோடு சேர்ந்து எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டது. வைப்பர் கண்ணாடியின் நடுவில் நின்றுவிட்டது. தங்கப்பாண்டி ஹாரனை அழுத்தினார். சத்தம் இல்லை.

அந்தப் பழைய வண்டிகளில் விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரிவது ஒரே மெயின் வயரிலிருந்துதான். அது உருகி பாடியில் பட்டு அறுந்தால் எல்லாம் போகும். ஆனால் டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். பிரேக்கும் பிடிக்கும். அன்றைக்கு அவர்களுக்கு மிச்சம் இருந்தது அந்த இரண்டும்தான்.

ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பின்னால் மற்ற ஜீப்புகள் ஏறி வருகிற நேரம். மேலேயிருந்து லோடு வண்டிகள் இறங்குகிற நேரம். இந்த வண்டி நிற்பது யாருக்கும் தெரியாது. விடிந்துகொண்டிருந்தாலும் சுற்றிலும் வெள்ளையாக இருந்ததே தவிர ஒன்றும் தெரியவில்லை. நின்றாலும் ஆபத்து, போனாலும் ஆபத்து. 

“எல்லாரும் எறங்குங்க. பாறைய ஒட்டி வரிசையா நில்லுங்க” என்று சொன்னது பேச்சியம்மாள். இரண்டு பெண்களிடம் போனில் டார்ச் போடச் சொல்லி, பின்னால் வளைவு வரைக்கும் இறங்கிப்போய்க் கையை ஆட்டச் சொன்னார். பிறகு தங்கப்பாண்டியிடம், “எரநூறு அடி மேல ரோடு அகலமா இருக்கும்ல, வண்டிய அங்கன கொண்டுபோய் ஒதுக்கிரு. நான் முன்னாடி நடக்கேன். என் சத்தத்தக் கேட்டு வா” என்றார்.

மதியச் சோற்றுக்கு வைத்திருந்த எவர்சில்வர் தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். ரோட்டோரத்தில் ஒரு கல்லைப் பொறுக்கி, மூடியில் அடித்துக்கொண்டே மேலே நடந்தார். ஜீப் முதல் கியரில் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஊர்ந்து போனது.

நூறு அடி போயிருப்பார்கள். மேலேயிருந்து காய்கறி ஏற்ற வந்த காலி வேன் ஒன்று இறங்கியது. அதன் டிரைவர் தனக்கு எதிரே ஜீப் வருவதைப் பார்க்கவே இல்லை. தகரம் அடிக்கிற சத்தம் கேட்டு, என்னவோ என்று பிரேக்கை மிதித்திருக்கிறார். ஈர ரோட்டில் வேன் வழுக்கிக்கொண்டு வந்தது. பேச்சியம்மாள் பாறைப் பக்கம் தாவினார். கால் தடுக்கி, ரோட்டோர ஓடைக் கல்லின் மேல் வலது கையை ஊன்றி விழுந்தார். வேன் ஜீப்புக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது.

மணிக்கட்டில் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

அன்று மதியம் ஜீப்பைக் கயிறு கட்டி இறக்கிக் கொண்டு வந்து என் கடை வாசலில் நிறுத்தினார்கள். தங்கப்பாண்டியின் முகம் சாம்பலாக இருந்தது.

“லைட்டு டூப்ளிகேட்டுண்ணே. அந்தத் தேனிக்காரரு ஏமாத்திப்புட்டாரு. பதினாலு பொம்பளைகளயும் கொன்னு போட்டிருப்பாரு. நீங்களே தொறந்து பாருங்க.”

டேஷ்போர்டைக் கழற்றினேன். பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். மெயின் வயர் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் உருகி, கரிக்குச்சி மாதிரி இருந்தது. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் என் செம்புக் கம்பி அப்படியே இருந்தது. அது மட்டும் அறுந்துபோகவில்லை. இரண்டு விளக்கையும் தனியாக பேட்டரியில் கொடுத்துப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தன. அவற்றில் ஒரு குறையும் இல்லை.

தங்கப்பாண்டி அப்போது வாசலில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் அந்தச் செம்புக் கம்பியை உருவிச் சட்டைப் பையில் போட்டேன்.

அவர் உள்ளே வந்து, “லைட்டுதானண்ணே?” என்றார்.

“வயரு எரிஞ்சிருக்கு” என்றேன். அது பொய் இல்லை.

“அந்த லைட்டாலதான எரிஞ்சது?”

 ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்வார் என்று தெரிந்துதான் குனிந்தேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து அந்த ஜீப்புக்கு முழு வயரிங்கும் புதிதாகச் செய்தேன். அவ்வளவு சுத்தமாக நான் எந்த வண்டிக்கும் செய்ததில்லை. செய்யச் செய்ய மனதில் இருந்தது லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

அதற்குள் தங்கப்பாண்டி ஜீப் ஸ்டாண்டில் இருந்த டிரைவர்களில் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு தேனிக்குப் போய், அந்த இரண்டு விளக்கையும் கடையில் திருப்பிப் போட்டு, வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டு வந்துவிட்டார். ‘வயரிங்காரரே பார்த்துச் சொல்லிட்டாரு’ என்றுதான் சொன்னாராம். போடி ஜீப்காரர்கள் யாரும் இனி அந்தக் கடையில் வாங்குவதில்லை என்று பேச்சானது.

மறுவாரம் ஜெபராஜ் அண்ணாச்சி பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் அந்த இரண்டு விளக்கும் இருந்தன. அவருக்கும் எனக்கும் இருபது வருடப் பழக்கம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“நான் சண்டைக்கு வரல. நீங்க தொழில் தெரிஞ்சவரு. நீங்க சொன்னா நான் கேட்டுக்கிருவேன். கோளாறு எங்கன இருக்குன்னு காமிங்க. கம்பெனிக்கு எழுதணும். இதே மாதிரி விளக்கு எத்தனையோ பேருக்குக் குடுத்திருக்கேன். அவுக வண்டியும் எரிஞ்சா நான் என்ன பதில் சொல்றது?”

நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணு மட்டும் கேக்குறேன். ரிலே போட்டுத்தான மாட்டுனீக?”

உண்மையைச் சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. கடையில் வேறு யாரும் இல்லை. அவர் கோபத்தோடும் வரவில்லை. உண்மையைச் சொல்ல எனக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது.

“போட்டுத்தான் மாட்டுனேன்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பெட்டியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, “அப்ப சரி, மொத்த ஸ்டாக்கயும் திருப்பி அனுப்பிர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ் ஸ்டாண்டை நோக்கி அவர் வெயிலில் நடந்து போனதைக் கடைக்குள் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பிகளே, வயரிங்கில் தப்பு நடந்தால் ஒரு வண்டி எரியும். அதை மறைக்க வாயைத் திறந்தால் எது எதுவெல்லாம் எரியும் என்று கணக்குப் போட முடியாது.  இது தெரிந்தும் நான் எழுந்து போய்ச் சொல்லவில்லை. இன்னும் ஒரு வாரம் அப்படியே கடத்தினேன்.

பேச்சியம்மாளைப் பார்க்கப் போனது அதற்குப் பிறகு. பார்க்காமல் இருப்பது ஊரில் நன்றாக இருக்காது என்பதால் போனேன். ஆப்பிள், ரொட்டி வாங்கிக்கொண்டேன். கையில் மாவுக்கட்டோடு வாசல்படியில் உட்கார்ந்து, இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வெங்காயம் கையில் நிற்காமல் உருண்டு ஓடியது. காலால் மறித்துப் பிடித்தார்.

“வாங்கண்ணே. தங்கப்பாண்டி சொன்னான், வண்டிய முழுக்கப் புதுசா பண்ணிக் குடுத்துட்டீகளாம். இனிமே பிள்ளைக பயமில்லாம ஏறும்” என்றார்.

காய் எடுப்புக்குப் போக முடியுமா என்று கேட்டேன்.

“எங்கிட்டுப் போக? கட்டுப் பிரிச்சாலும் மணிக்கட்டு முன்ன மாதிரி திரும்பாதுன்னு டாக்டரு சொல்லிட்டாக. ஏலக்காய் எடுக்க விரல் மட்டும் போதாது, மணிக்கட்டு திரும்பணும். இந்த வருச எடுப்பு போச்சு. அடுத்த வருசமும் சந்தேகந்தான்.”

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் கேட்டார்.

“அண்ணே, எனக்கு ஒண்ணு வெளங்கல. நானும் இத்தன வருசமா ஜீப்புல போறேன். லைட்டு கெட்டுப்போய்ப் பாத்திருக்கேன். ஒரு லைட்டு கெட்டா ஒரு லைட்டுதான அமரும். ஹாரன் எதுக்கு அமந்துச்சு? வைப்பரு எதுக்கு நின்னுச்சு?”

முப்பத்தாறு வருடத் தொழிலில் என்னிடம் யாரும் அவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் வண்டி ஓட்டுகிறவர், இன்னொருவர் விளக்கு விற்கிறவர். இரண்டு பேரும் என்மேல் இருந்த நம்பிக்கையால் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

திரும்ப உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரிலே, ஃபியூஸ், செம்புக் கம்பி, சின்ன வேலை என்று சொன்னது, பையில் போட்டுக்கொண்டது, ஜெபராஜிடம் சொன்ன பொய். அவருக்குப் புரிகிற மாதிரிச் சொன்னேன். வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். 

“தங்கப்பாண்டிகிட்ட இத சொல்லிட்டீகளா?”

“இல்ல.”

“தேனிக்காரர்கிட்ட?”

“இல்ல.”

“அப்ப எங்கிட்ட மட்டும் எதுக்குச் சொல்றீக? இவ ஒண்ணும் பண்ணமாட்டா, கேட்டுட்டு உக்காந்திருப்பான்னா?”

 அவர் சொன்னது உண்மை. அழுது தீர்த்துக்கொள்ள ஓர் இடம் தேடித்தான் வாயைத் திறந்திருக்கிறேன்.

“ஆப்பிள எடுத்துட்டுப் போங்க” என்றார். குரலை உயர்த்தவில்லை. “எல்லாருக்கும் சொல்லிட்டு வாங்க. அப்புறம் வேணும்னா வாங்கிக்கிறேன்.”

மறுநாள் காலை ஐந்தரைக்கு ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். ஏழெட்டு வண்டி வரிசையாக நின்றன. பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். தங்கப்பாண்டி டீக்கடையில் நின்றார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று மனது சொன்னது. தனியாகக் கூப்பிட்டால் பாதியைத்தான் சொல்வேன் என்றும் தெரிந்தது. அதனால் அங்கேயே, எல்லா டிரைவரும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். லைட்டில் கோளாறு இல்லை. கோளாறு என் வேலையில். ஜெபராஜ் அண்ணாச்சியின்மேல் ஒரு தப்பும் கிடையாது. பையிலிருந்த செம்புக் கம்பியை எடுத்துக் காட்டினேன்.

தங்கப்பாண்டி கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

“அந்த மனுசன் கடைக்கு முன்னாடி நின்னு என்னென்ன பேசுனேன் தெரியுமா” என்றார். “அவரு வீட்டம்மா உள்ள நின்னு கேட்டுட்டு இருந்துச்சுண்ணே.”  வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். அவர் வண்டிப் பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அன்றைக்கே தேனிக்கும் போனேன். ஜெபராஜ் அண்ணாச்சி முழுவதையும் கேட்டார். திட்டவில்லை, மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“எழுதிக் குடுங்க. கம்பெனிக்கு நான் எழுதுனதத் திருப்பி எழுதணும்ல.”

எழுதினேன். ரிலே இல்லாமல், ஃபியூஸ் இல்லாமல் மாட்டியது நான், விளக்கில் குறை இல்லை என்று. கையெழுத்துப் போட்டேன்.  அவர் படித்துப் பார்த்து, மடித்து உறைக்குள் வைத்தார். “நேரா வந்து சொன்னீக” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கடைக்கு ஆட்கள் திரும்ப வரத் தொடங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் போனால் சாமான் தருவார், விலை சொல்வார். முன்பெல்லாம் ‘டீ குடிங்க’ என்பார். அது மட்டும் நின்றுவிட்டது.

தங்கப்பாண்டி என் கடைக்கு அதற்குப் பிறகு வரவே இல்லை. நான் செய்த அந்தப் புது வயரிங்கை வேறொரு எலக்ட்ரீசியனிடம் காட்டி, முழுவதையும் சோதித்துக்கொண்டார் என்று கேள்வி. சரிதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஸ்டாண்டில் பாதி வண்டி கையைவிட்டுப் போனது. மீதிப் பாதி வந்தது. வந்தவர்களும் வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள்.

பேச்சியம்மாள் அந்த வருடத்தோடு மலை ஏறுவதை நிறுத்திக்கொண்டார். போடியிலேயே சரக்கு வைக்கிற ஒரு கிட்டங்கியில் ஏலக்காயைத் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனார். உட்கார்ந்து செய்கிற வேலை. கூலி குறைவு. கங்காணியாகப் பதிமூன்று பேரைக் கட்டி மேய்த்தவர் அங்கே பத்தோடு பதினொன்று. நான் எல்லாருக்கும் சொல்லிவிட்டு மறுபடியும் போனபோது, பழத்தை வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. வேலை பாதியில் நிற்கிற வண்டியை ஓட்டியே ஆக வேண்டும் என்று டிரைவர் பிடிவாதம் செய்தால், ஒரு அட்டையைக் கிழித்து, ‘வேலை முடியவில்லை. மலைக்குக் கொண்டுபோகக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் எழுதி, ஸ்டியரிங்கில் கம்பி போட்டு முறுக்கிக் கட்டிவிடுவேன். வாயால் சொல்வதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மற்றவர்கள் வாயைச் சொல்லவில்லை, என் வாயைச் சொல்கிறேன். டிரைவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பாதிப் பேர் தெருமுனை தாண்டுவதற்குள் அட்டையைப் பிய்த்து எறிந்துவிடுவார்கள் என்று எனக்கும் தெரியும்.

கடையை மூடுவதற்கு முந்தைய வருடம், ஒரு நாள் காலை ஆறு மணிக்கு ஒரு டிரைவர் என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தார். முந்தின நாள் அவர் வண்டிக்கு ஆல்டர்னேட்டர் வயரைப் பாதியில் விட்டிருந்தேன். அட்டையும் கட்டியிருந்தேன்.

“என்னண்ணே வேல பாத்து வச்சிருக்கீக? ஸ்டாண்டுல ஒரு பொம்பளகூட என் வண்டியில ஏற மாட்டேங்குது.”

“அட்டையப் பாத்திருப்பாக.”

“அட்டைய நேத்தே பிச்சு எறிஞ்சுட்டேன். கம்பி மட்டும் அறுக்க வராம ஸ்டியரிங்குல கெடந்துச்சு. அதப் பாத்துட்டு ஏறுனவகளும் எறங்கிட்டாக. கம்பி கெடந்தாலும் ஏறக் கூடாதாம். அந்தக் கிட்டங்கிக்குப் போற பேச்சியம்மா தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கு.”

இன்ஜினை நிறுத்தி பானெட்டைத் திறக்கச் சொன்னேன். பையை எடுத்து வந்தேன். அந்தப் பெண்கள் அன்றைக்கு வேறு ஜீப்பில் மலைக்குப் போய்விட்டார்கள் என்று சொல்லி, ஒரு நாள் டிரிப் போச்சு என்று அவர் திட்டிக்கொண்டே நின்றார்.  முதுகு வலித்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு முனையையும் இழுத்துப் பார்த்து, விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, வயரைக் கையால் தொட்டுச் சூடு இல்லை என்று பார்த்தேன்.

பிறகு கட்டரை எடுத்து, ஸ்டியரிங்கில் கிடந்த கம்பியை அறுத்தேன்.